அரூப ஓவியத்தின் முன் எழும் உணர்ச்சி யாருடையது?

நீங்கள் விவரித்திருப்பது இது: ஒரு காட்சிக்கூடத்தில் ஆளுயரத்தைவிடப் பெரிய ஓர் ஓவியத்தின் முன் நின்றீர்கள். அதில் உருவம் எதுவும் இல்லை. கருஞ்சிவப்பிலும் பழுப்பிலும் இரண்டு வண்ணப் பரப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். சில நிமிடங்களில் தொண்டை அடைத்துக் கண் கலங்கிவிட்டது. உடன் வந்த நண்பருக்கு எதுவும் தோன்றவில்லை. நீங்களாகக் கற்பித்துக்கொள்வதாக அவர் சொன்னார். பிறகு அதே ஓவியத்தைக் கைப்பேசியில் பார்த்தபோது உங்களுக்கும் எதுவும் தோன்றவில்லை. அந்த உணர்ச்சி ஓவியத்தில் இருந்ததா அல்லது நீங்களே ஏற்றியதா என்று கேட்கிறீர்கள். ஓவியத்தின் பொருளை விளக்கும்படி நீங்கள் கேட்கவில்லை. காரணம் புலப்படாமல் வந்த ஓர் உணர்ச்சியை நம்பலாமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று புரிந்துகொண்டு, அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் ஓவியம் பயின்றவன். பல ஆண்டுகளாக ஓவியம் கற்பித்தும், காட்சிக்கூடங்களில் பார்வையாளர்களோடு நின்று பேசியும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்டிருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரூப ஓவியம் உணர்ச்சியின் எடையையும் வேகத்தையும் பெருமளவு தானே தீர்மானிக்கிறது. அந்த உணர்ச்சி எதைப் பற்றியது என்பதைத் தீர்மானிப்பதில்லை. அந்த இடத்தை அது காலியாக விட்டுவிடுகிறது, பார்ப்பவர் அதை நிரப்புகிறார். ஆகவே உங்களுக்கு நேர்ந்ததில் ஓவியத்தின் பங்கும் உண்டு, உங்கள் பங்கும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது ஓரளவுக்கு இயலும்.

ஓவியத்தின் பங்கிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் அதில்தான் உறுதியாகச் சொல்லக்கூடியவை அதிகம். ஒரு வண்ணம் தனியே ஒரு விதமாகவும், பக்கத்தில் மற்றொன்று வந்ததும் வேறு விதமாகவும் தெரியும். பிரான்சின் கொப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், சாயம் சரியில்லை என்று வந்த புகார்களை ஆராய்ந்து, பல இடங்களில் குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் வண்ணத்தில் இருக்கிறது என்று கண்டறிந்தார். 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். பழுப்பின் அருகே இருக்கும் கருஞ்சிவப்பு உள்ளிருந்து எரிவதுபோல் தோன்றுவதில் இதற்குப் பங்குண்டு. இன்னொன்று, பார்வையை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தினால் ஓரப்பார்வையில் இருப்பவை மெல்ல மங்கி மறையும். கண் சற்று அசைந்ததும் திரும்ப வரும். டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் 1804-இல் பதிவுசெய்த நிகழ்வு இது. கூர்மையான விளிம்புள்ள வடிவங்களைவிட, விளிம்பு கரைந்து நிற்கும் வடிவங்களிலும் ஒன்றுக்கொன்று நெருங்கிய வண்ணங்களிலும் இது எளிதாக நடக்கிறது. நீங்கள் விவரித்த வகை ஓவியத்தின் முன் சில நிமிடம் நிற்பவர்களில் பலர், பரப்புகள் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. கண்ணின் இயல்பு அது. அந்த இயல்பு செயல்படுவதற்கான இடத்தை ஓவியர் அமைத்துக் கொடுத்திருக்கிறார்.

இவ்வகை ஓவியங்களில் மிகவும் பேசப்படுபவர் மார்க் ரோத்கோ. அவருடைய முதிர்ந்த பாணி 1949, 1950 ஆண்டுகளில் உருக்கொண்டது. மிகவும் நீர்த்த வண்ணத்தைப் படலம் படலமாகக் கித்தானில் ஏற்றி, விளிம்புகளைத் தேய்த்துக் கலங்கலாக விட்டார். அடிப்படலத்தின் வண்ணம் மேற்படலத்தின் வழியே கசிந்து தெரியும். இதனால் கண்ணுக்கு அந்தப் பரப்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது நிலைப்படுவதில்லை. அருகே வருகிறதா விலகுகிறதா என்று முடிவுசெய்ய முடியாமல் கண் திரும்பத் திரும்ப முயல்கிறது. ஓவியங்களைத் தாழ்வாக மாட்ட வேண்டும், வெளிச்சம் மட்டாக இருக்க வேண்டும், மக்கள் மிக அருகில் நின்று பார்க்க வேண்டும் என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். அவருடைய காலத்தவரான பார்னெட் நியூமன், 1951-இல் நடந்த தம் கண்காட்சியில், பெரிய ஓவியங்களைத் தொலைவிலிருந்து பார்க்கும் வழக்கம் உண்டு, ஆனால் இங்குள்ள பெரிய ஓவியங்கள் கிட்ட நின்று பார்ப்பதற்கானவை என்ற கருத்தில் ஓர் அறிவிப்பையே மாட்டிவைத்தார். நியூமனின் பெரிய சிவப்பு ஓவியம் ஒன்று ஐந்து மீட்டருக்கு மேல் அகலமுடையது. அத்தனை அகலமான சிவப்பின் அருகே நிற்கும்போது பார்வையின் எல்லைக்குள் வேறு எதுவும் மிஞ்சுவதில்லை. தான் நிற்கும் இடத்தை அளந்துகொள்ள உடலுக்குச் சுவரோ தரையோ கிடைப்பதில்லை. நிலை தடுமாறுவதுபோன்ற ஓர் உணர்வு அதனால் வருகிறது.

கைப்பேசியில் எதுவும் தோன்றாதது ஏன் என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. அந்தச் சிறிய படத்தில் பரப்பின் அளவு இல்லை, படலங்களின் ஊடுருவல் இல்லை, ஓரப்பார்வை மங்குவதற்கு இடமில்லை, திரை தன் ஒளியைத் தானே வீசுகிறது. ஒரு முகத்தைப் புகைப்படத்தில் பார்த்தாலும் அது முகமாகவே இருக்கும். ஐந்து மீட்டர் சிவப்பை விரல் நீளத்துக்குக் குறுக்கினால் அது வேறொரு பொருளாகிவிடும். உங்கள் அனுபவத்துக்கு எதிரான சான்றாக அந்தக் கைப்பேசிப் படத்தைக் கொள்ளவே வேண்டாம்.

நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் ஓவியத்துக்கு அவர்கள் செலவிட்ட சராசரி நேரம் 27 விநாடி என்றும், பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள் என்றும் சொல்கிறது. மேலே சொன்ன கண்ணின் மாற்றங்கள் அவ்வளவு நேரத்துக்குள் முழுமையாக நடந்துவிடுவதில்லை. உங்கள் நண்பர் எவ்வளவு நேரம் அதை உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரம் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது கண்ணைப் பற்றியும் உடலைப் பற்றியும்தான். வண்ணம் துடிக்கிறது, தொலைவு நிலைகொள்ளவில்லை என்பதிலிருந்து கண் கலங்குவது எப்படி வருகிறது? இங்கிருந்து உறுதி சற்றுக் குறைகிறது. ஆனாலும் சொல்லத்தக்கது உண்டு. உருவ ஓவியத்தில் உணர்ச்சிக்கான காரணம் படத்திலேயே இருக்கும். இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் தாயைப் பார்த்து நாம் கலங்கினால், எதற்குக் கலங்கினோம் என்று யாரும் கேட்பதில்லை. அரூப ஓவியம் இந்தக் காரணத்தைத் தருவதில்லை. ஆனால் உணர்ச்சி எழுவதற்கு ஒரு நிகழ்ச்சி கட்டாயம் வேண்டுமா என்பதைத் உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பற்றிப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை வைத்து யோசிப்பது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளுக்கும் அவை எவற்றின் அடியாகப் பிறக்கும் என்று நந்நான்கு நிலைக்களன்களை அது வகுத்துச் சொல்கிறது. அழுகைக்குச் சொல்லப்படுபவை இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்னிருந்த நிலை கெடுதல்), வறுமை. இவை நான்கும் ஒருவருக்கு வாழ்க்கையில் நேர்பவை. இழந்தவர் ஒருவர் இருக்க வேண்டும், இழக்கப்பட்டது ஒன்று இருக்க வேண்டும். மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, சொல்லப்படுபவையோ புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இவற்றுக்குக் கதை வேண்டியதில்லை. ஒன்று இதுவரை காணாததாக இருந்தால் போதும். அளவிறந்து பெரியதாகவோ நுட்பமாகவோ இருந்தால் போதும். நம் கண்முன் ஒன்று இன்னொன்றாக மாறினால் போதும். உருவம் ஏதுமற்ற ஒரு பெரிய ஓவியத்திடம் இந்த நான்கும் இருக்க முடியும், அழுகைக்குச் சொன்ன நான்கில் ஒன்றுகூட இருக்க முடியாது.

ஆகவே கண் கலங்கியதால் அது துயரம் என்று முடிவுகட்ட வேண்டாம். அரூப ஓவியத்தின் முன் வரும் கண்ணீர் பெரும்பாலும் மருட்கையில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இதை ஆய்வால் நிறுவப்பட்ட உண்மையாகச் சொல்லவில்லை, பலரோடு நின்று கவனித்ததிலிருந்து சொல்கிறேன். மனம் அந்தத் திகைப்புக்குக் காரணம் தேடுகிறது. படத்தில் கிடைக்காததால் தன்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. அண்மையில் ஒருவரை இழந்தவருக்கு அது இழப்பாகிறது, நெடுநாள் இறுக்கத்தில் இருந்தவருக்கு விடுபடுதலாகிறது, வேறொருவருக்கு எந்தப் பெயருமில்லாமல் நெஞ்சின் கனமாகவே நின்றுவிடுகிறது. சொல்லில்லாத இசை நம்மை உலுக்கும்போது, எதைப் பற்றிய துயரம் என்று அந்த இசை சொல்வதில்லை. ஆனால் வேகமும் எடையும் அதனுடையவை. ஓவியத்திலும் ஏறத்தாழ இப்படித்தான்.

நண்பருக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடும் இதிலிருந்தே வருகிறது. வெசெல், ரூபின் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் காட்சிகள் போன்ற உலகக் காட்சிப் படங்களை விரும்புவதில் மனிதர்களிடையே ஓரளவு ஒற்றுமை இருந்தது. அரூபப் படங்களில் விருப்பம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. படத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பொருள் இருக்கும்போது ஒற்றுமை கூடுகிறது, இல்லாதபோது ஒவ்வொருவரின் தனி வரலாறு முன்னுக்கு வருகிறது என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அதே குழுவினர் 2012-இல் 16 பேரின் மூளைச் செயல்பாட்டைப் பதிவுசெய்து பார்த்தபோது, மிக ஆழமாக நெகிழ்த்தியதாக அவரவர் சொன்ன ஓவியங்களுக்கு மட்டும், பொதுவாகத் தன்னைப் பற்றிய சிந்தனையின்போது செயல்படும் மூளைப் பகுதிகளும் சேர்ந்து செயல்பட்டன. சிறிய ஆய்வு அது. அதில் காட்டப்பட்டவை எல்லா வகை ஓவியங்களும், அரூப ஓவியம் மட்டுமல்ல. அவற்றை அவர்கள் பார்த்ததும் மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுத்தபடிதான், காட்சிக்கூடத்தில் அல்ல. ஆகவே அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பக் கூடாது. ஆனாலும் நெகிழ்ச்சி ஓர் எல்லையைத் தாண்டும்போது பார்ப்பவரின் சுயம் அதில் கலந்துவிடுகிறது என்ற எண்ணத்துக்கு அது இசைவாகவே இருக்கிறது.

இனி ஐயத்துக்குரியவை. சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்று அகராதி போட்டுத் தருபவர்களை நம்பாதீர்கள். வண்ணங்களையும் உணர்ச்சிச் சொற்களையும் தொடர்புபடுத்துவதில் பல நாட்டு மக்களிடையே கணிசமான ஒற்றுமை இருப்பது உண்மை. 30 நாடுகளில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வு அதைக் காட்டுகிறது. ஆனால் சிவப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கோபம் என்ற சொல் நினைவுக்கு வருவதும், ஒரு குறிப்பிட்ட சிவப்பின் முன் நின்று கோபம் கொள்வதும் ஒன்றல்ல. சிவப்பு எத்தனை அடர்த்தியானது, எத்தனை வெளிச்சமானது, எதன் பக்கத்தில் எவ்வளவு இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் மாறும்போது அதன் விளைவும் மாறும். அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான காண்டின்ஸ்கி, மஞ்சள் பார்ப்பவரை நோக்கி வருகிறது, நீலம் விலகித் தன்னுள் ஒடுங்குகிறது என்று 1911-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஓவியம் தீட்டுபவனாக அந்தக் கவனிப்பில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் முக்கோணத்துக்கு மஞ்சள், சதுரத்துக்குச் சிவப்பு, வட்டத்துக்கு நீலம் என்று அவர் வகுத்த பொருத்தத்தைப் பிற்காலத்தில் சோதித்தபோது அது பொதுவிதியாகத் தேறவில்லை. கலைஞனின் கூர்மையான உள்ளுணர்வு அவனுடைய ஓவியத்துக்கு விதியாகலாம். எல்லாக் கண்களுக்கும் விதியாகிவிடாது.

தூரிகைத் தடத்தைப் பார்க்கும்போது நம் மூளை அந்தக் கையசைவைத் தானும் உள்ளே நிகழ்த்திப் பார்க்கிறது, அதனால்தான் உணர்ச்சி தொற்றுகிறது என்ற விளக்கமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. வண்ணத்தைச் சிதறடித்த ஓவியங்களின் முன் உடல் அதிர்வதை இது நன்றாக விளக்குவதுபோல் தோன்றும். வலுவான சான்றுகள் இன்னும் வேண்டும் என்பதே என் கருத்து. மேலும், தடமே தெரியாதபடி மெழுகப்பட்ட நீங்கள் பார்த்த வகை ஓவியத்துக்கு இது அதிகம் உதவாது.

எல்லாவற்றிலும் அதிகமாக நான் ஐயப்படுவது, ஓவியர் உணர்ந்ததே உங்களுக்கும் வந்து சேர்ந்தது என்ற கூற்றை. தம் ஓவியங்களின் முன் அழுபவர்கள், அவற்றைத் தீட்டும்போது தாம் அடைந்த அதே ஆன்மிக அனுபவத்தை அடைகிறார்கள் என்று ரோத்கோவே 1950-களில் ஓர் உரையாடலில் சொல்லியிருக்கிறார். அது அவருடைய நம்பிக்கை. அதை மெய்ப்பிக்க வழியில்லை. 1970 பிப்ரவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர்கள் அவருடைய இருண்ட ஓவியங்களை மரண வாக்குமூலமாகவே படிக்கிறார்கள். ஆனால் தம் கடைசி ஆண்டுகளிலும் அவர் ஒளிமிக்க வண்ணங்களைக் கையாண்டிருக்கிறார். நாம் இன்று பார்ப்பது அவர் தீட்டியதுதானா என்பதே சில இடங்களில் உறுதியில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக அவர் தீட்டி 1964-இல் மாட்டப்பட்ட பெரிய ஓவியங்கள், அவர் பயன்படுத்திய சிவப்பு நிறமி வெயிலைத் தாங்காததால் வெளுத்துப்போயின. 2014-இல் அவற்றின்மேல் கணக்கிட்ட ஒளியைப் பாய்ச்சிப் பழைய வண்ணத்தை மீட்டுக் காட்டினார்கள். வெளுத்த நிலையில் அவற்றின் முன் நின்று நெகிழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் நெகிழ்ந்தது பொய்யா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். கண்முன் இருந்த பரப்புக்கு அவர்கள் நெகிழ்ந்தார்கள், ஓவியரின் மனத்துக்கு அல்ல.

இதற்கு மறுபுறமாக, இந்திய ஓவியர் வாசுதேவ் கெய்தோண்டேயின் ஓவியங்களையும் வாய்ப்புக் கிடைத்தால் நேரில் பாருங்கள். அவர் உருளையாலும் வண்ணக் கத்தியாலும் வண்ணத்தை ஏற்றி, அகற்றி, மீண்டும் ஏற்றி உருவாக்கிய பரப்புகளும் ரோத்கோவின் பரப்புகளைப் போலவே ஒளி கசிபவைதான். ஆனால் நான் உடன் நின்ற பார்வையாளர்கள் அவற்றின் முன் துயரத்தைப் பற்றிப் பேசுவது குறைவு, பேச்சே குறைந்துவிடும். ஒரே வகைக் கைத்திறன், முற்றிலும் வேறான எடை. ஓவியம் உணர்ச்சியின் தன்மையை ஓரளவு தானே நிர்ணயிக்கிறது என்று நான் துணிந்து சொல்வதற்கு இத்தகைய வேறுபாடுகள்தான் காரணம்.

உங்கள் நண்பர் சொன்னதில் ஓர் உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எதிர்பார்ப்பால் உணர்ச்சி உண்டாகும். பெரிய பெயர், அமைதியான அறை, மட்டான வெளிச்சம், இங்கே பலர் அழுதிருக்கிறார்கள் என்று முன்பே படித்த செய்தி ஆகியவை சேர்ந்தால் ஒருவர் அழுவதற்குத் தயாராகவே வந்து நிற்பார். அதே நேரத்தில், எல்லாம் வெறும் எதிர்பார்ப்புதான் என்பதும் சரியல்ல. 2011-இல் ஹாலி-டோலன், வின்னர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற அரூப ஓவியர்களின் படைப்புகளையும் குழந்தைகளும் விலங்குகளும் தீட்டியவற்றையும் இணை இணையாகக் காட்டியபோது, யார் தீட்டியது என்ற குறிப்பை மாற்றிப் போட்டிருந்தும்கூட, பார்த்தவர்கள் தற்செயலாக நிகழக்கூடியதைவிட அதிக முறை ஓவியர்களின் படைப்பையே தேர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் அல்ல. ஆனால் பரப்பில் ஏதோ ஒன்று, பெயரின் உதவியில்லாமலே, அவர்களை எட்டியிருக்கிறது.

உங்கள் அனுபவத்தில் எது எவ்வளவு என்று வெளியிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது, நானும்தான். நான் மாணவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றை மட்டும் உங்களிடமும் கேட்கிறேன். கண் கலங்கிய பிறகு உங்கள் கவனம் எங்கே போயிற்று? ஓவியத்தை விட்டுவிட்டு முழுவதும் உங்கள் நினைவுகளுக்குள் போய்விட்டீர்கள் என்றால், ஓவியம் ஒரு தூண்டுகோலாக மட்டும் இருந்திருக்கலாம். அதிலும் குறை ஒன்றுமில்லை. அந்த உணர்ச்சி உங்களைத் திரும்பவும் அந்தச் சிவப்பின் விளிம்பையும் அடியில் தெரிந்த பழுப்பையும் பார்க்கவைத்தது என்றால், பார்க்கப் பார்க்க அது மாறிக்கொண்டே வந்தது என்றால், அதில் ஓவியத்தின் பங்கு பெரியது. நான்கு அடி பின்னால் நகர்ந்தபோது உணர்ச்சியும் மாறியதா என்பதும் நல்ல சோதனை. கற்பனை மட்டுமே என்றால் நீங்கள் எங்கே நின்றாலும் அது பெரிதாக மாறியிருக்காது.

மறுபடி போய்ப் பார்க்கும்போது கண் கலங்காமல் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், ஏனெனில் புதுமை ஒரு முறைதான் புதுமை. அதோடு, இப்போது நீங்கள் அதை எதிர்பார்த்துக்கொண்டு போவீர்கள். அதை வைத்து முதல் அனுபவத்தை ரத்துசெய்துவிடாதீர்கள். அழுகை வருகிறதா என்று உங்களைக் கண்காணிக்காமல், இரண்டு வண்ணங்களும் சந்திக்கும் இடத்தை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பெயர்ப்பலகையைக் கடைசியில் படியுங்கள். நண்பரும் வந்தால், அவர் என்ன உணர்கிறார் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே அவரைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும். மேலே இருக்கும் பரப்பு முன்னால் இருக்கிறதா, கீழே இருப்பது முன்னால் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு அவர் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சற்று நேரம் கழித்துத் தம் பதிலை மாற்றிக்கொள்ளவும் கூடும். அப்போதும் அவர் நெகிழாமல் இருந்தால் அதை அவருடைய குறையாகக் கருத வேண்டாம். ஓவியத்தையே வாழ்வாகக் கொண்டவர்களில்கூட ஒருமுறையும் ஓவியத்தின் முன் அழாதவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலரைவிடக் கூர்மையாகப் பார்ப்பவர்களை நான் கண்டதில்லை.